ஆடு நக்கிய வீடு

ஒரு மனிதர் தன் வீட்டுக்கென்று காய வைத்திருந்த தூண்களை எடுத்து வேறொருவர் வீட்டில் நட்டேன். அவற்றில் வண்டு விழுந்துவிட்டது என்று மரத்துக்குச் சொந்தக்காரரிடம் பொய் சொன்னேன். அவற்றுக்குப் பதிலாக உப்பேறிய மரத்தை அவர் தலைக்கு மேல் நிறுத்தினேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தெரியாமல் செய்ததல்ல. மரத்தைப் பிணைக்கும் இரும்பு உப்பு பட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டணத்தில் இஞ்சினீரிங் வகுப்பில் பாடமாகப் படித்து, பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்.

இதை நான் இப்போது முதல் தடவையாகச் சொல்லவில்லை. பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. நம்ப முடியாதபடி செய்துவைத்தவர் அந்த மனிதரேதான். எழுதினாலாவது நம்புவார்களா என்று பார்க்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஆம்பூரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் அதிகம் இல்லை. வக்கீல் பாய் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். கோர்ட்டுப் படி மிதித்தவர் அல்ல. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்பார்கள். அப்படி ஒரு பெரிய ஷாப்பில் தோல் தரம் பிரிப்பது அவர் வேலை. உலர்ந்த தோலைப் பலகைமேல் விரித்து, வலது உள்ளங்கையை அதன்மேல் ஒரு முறை ஓட்டுவார். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், சுண்ணாம்பு ஏறிய இடம் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். இது முதல் தரம், இது கழிவு என்று தள்ளிக்கொண்டே போவார். தோலைத்தான் அப்படித் தள்ளுவார். மனிதரைத் தள்ள அவருக்குத் தெரியாது.

யார் மேல் குற்றம் சொன்னாலும் அவருக்காகப் பேச பாய் வந்து நிற்பார். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். பிறகு தொண்டையைக் கனைப்பார். "அவன் மேல தப்பில்ல" என்று ஆரம்பிப்பார். சுண்ணாம்புக் குழியில் தோலை வெந்துபோகவிட்ட ஆளை முதலாளி வெளியே போகச் சொன்ன அன்று, கூப்பிடாமலே போய் நின்றார். அவன் பெண்சாதிக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது, ஆளின் உடம்புதான் குழியருகே நின்றது, மனசு வீட்டில் இருந்தது, மனசில்லாத உடம்பு மேல் எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்டார். "உன்னை யாருய்யா கேட்டா?" என்றார் முதலாளி. "நீங்க கேக்கலதான். உங்க மேலயும் தப்பில்ல, நஷ்டம் உங்களுது" என்றார் பாய். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் வேலையில் நிலைத்தான்.

பக்ரீத் அன்று அவர் வீட்டுக் கறியை நாய் தூக்கிக்கொண்டு போனது. அடிக்க ஓடிய பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி, பானைக்கு மூடி போடாதது யார், நாய்க்கு இன்று என்ன பண்டிகை என்று தெரியுமா என்று வாதாடினார். சாப்பாட்டு வேளையில் ஆட்கள் அவரைச் சீண்டுவார்கள். கொசுவுக்காக ஒரு வாதம் சொல்லுங்கள் பாய் என்பான் ஒருவன். அவர் கேலி என்று எடுத்துக்கொள்ள மாட்டார். நிஜமாகவே யோசித்துவிட்டு, "அதுக்கு வேற இன்னா துன்னத் தெரியும்?" என்பார்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த கதையை அறிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வருவது நின்றது.

நான் அந்த ஷாப்புக்குக் கட்டட ஓவர்சியராக வந்ததற்கு முந்திய வருஷம் பாலாறு ஊருக்குள் வந்திருக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் ஏறியபோது பாய் ஷாப்பில் இருந்தார். தோல் கட்டுகளை மேலே ஏற்ற முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். ஆற்றோரத் தெருவில் அவர் வீடு. மண் சுவர், மேலே ஓடு. மனைவியும் சின்ன மகனும் உள்ளே இருந்தார்கள். பெரியவள், ஒரே மகள், அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். தண்ணீர் அவர்களைக் கொண்டுபோகவில்லை. இடுப்பளவு கூட ஏறவில்லையாம். ஊறிய சுவர் உட்புறமாகச் சாய்ந்து, ஓடுகளையும் மரத்தையும் அவர்கள் மேல் இறக்கிவிட்டது.

ஊரே ஆற்றைச் சபித்தது. பாய் சபிக்கவில்லை. அது போகிற வழியில் நாம் போய் உட்கார்ந்துகொண்டோம் என்றார். ஆள் அனுப்பிய முதலாளியைச் சிலர் ஏசினார்கள். அவருக்கு என்ன தெரியும், என் வீட்டுக்குள் தண்ணீர் வருமென்று கனவா கண்டார் என்றார். கடைசியில் அந்தச் சுவருக்காகவும் பேசினார் என்று கேள்விப்பட்டேன். நனைந்த மண் எவ்வளவு நேரம்தான் தாங்கும் என்றாராம். கேட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு நாள் அவரே என்னிடம் வந்தார். ஒரு வீடு கட்ட வேண்டும், நீங்கள் படித்தவர், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எப்படி வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"செவுரு கூரையத் தாங்கக் கூடாது தம்பி. மரந்தான் தாங்கணும். வெள்ளம் வந்தா மண்ணு போகட்டும், எலும்பு நிக்கணும். செவுரு சாஞ்சாலும் வெளிய சாயணும். உள்ள சாயக் கூடாது."

இப்படி ஒரு கேள்வியை எனக்கு எந்த வாத்தியாரும் கொடுத்ததில்லை. நாலைந்து நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். ஆற்றுக் கல்லில் அடிமனை. அதன்மேல் எட்டுத் தூண்கள். தூண்தலைகளை இணைத்து நாலு பக்கமும் உத்தரம். அதன்மேல் கைமரமும் ஓடும். வெள்ளம் எட்டிய உயரத்துக்கு மேலே, குடும்பமே ஏறி உட்காரும்படி ஒரு பரண். மூங்கில் தட்டி அடித்து மண் பூசிய சுவர்களைத் தூண்களுக்கு இடையில் வைக்காமல், வெளிப்பக்கமாகச் சேர்த்துக் கட்டுவது. ஊறினால் கட்டு தளர்ந்து தெருப்பக்கம் விழும், மரக்கூடு அப்படியே நிற்கும். ஷாப்பு முற்றத்தில் குச்சிகளை நட்டு, நூலால் கட்டி, சின்னதாகச் செய்து காட்டினேன். பாய் குந்தி உட்கார்ந்து, தட்டியை ஒவ்வொன்றாக வெளியே தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் வெளியே விழுந்தன. கூரை நின்றது. அவர் மறுபடி எடுத்து நிறுத்தி, மறுபடி தள்ளினார். எத்தனை தடவை செய்தார் என்று நான் எண்ணவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தச்சர்கள் மரமுளை அடிப்பதுதான் வழக்கம். நான் படித்தவன் என்று காட்ட வேண்டியிருந்தது. தூணும் உத்தரமும் சேரும் இடங்களுக்கெல்லாம் இரும்புப் பட்டை வைத்து போல்ட்டு முடுக்குவதென்று தீர்மானித்தேன்.

மரம் பாயே தேடினார். ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேங்கை வாங்கி வண்டியில் கொண்டுவந்தார். பச்சை மரம் வேண்டாம், ஒரு வருஷம் காயட்டும் என்று நான்தான் சொன்னேன். ஷாப்பு முற்றத்தில் நிழலில் அடுக்கி, அடிக்கடி புரட்டிப் போட்டார். வேலை முடிந்து போகும்போது நோயாளியைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போவார். அதில் ஒரு தூணுக்கு இடுப்பளவு உயரத்தில், மூடிய கைமுட்டி போல ஒரு முடிச்சு இருந்தது. அதைச் செதுக்கிவிடச் சொன்னேன். இருக்கட்டும், அது பிறந்த இடம் அப்படி என்றார்.

மரம் காய்ந்து முடிந்த சமயம், முதலாளி தன் புது பங்களாவுக்கு முகப்பு கட்டச் சொல்லியிருந்தார். பட்டணத்திலிருந்து கப்பல் கம்பெனித் துரை தோல் பார்க்க வரப்போகிறார், அதற்குள் முகப்பு நிற்க வேண்டும். நான் அதற்கு வாங்கிய தூண்கள் பச்சையாக இருந்திருக்கின்றன. வெயிலில் வெடித்துவிட்டன. தப்பு என்னுடையது, பார்த்து வாங்காதது. முதலாளி என்னைக் கூப்பிட்டு அதிகம் பேசவில்லை. "தொரை வர்றப்ப முகப்பு நிக்கலைன்னா நீயும் நிக்காத" என்றார்.

பாய் அப்போது திமிரிப் பக்கம் சந்தைக்குத் தோல் வாங்கப் போயிருந்தார். அவருடைய எட்டுத் தூண்களும் முற்றத்தில் இருந்தன. எடுத்து இழைத்து, முகப்பில் நிறுத்தி, வெள்ளைப் பெயிண்டு பூசிவிட்டேன். துரை வந்தார், பார்த்தார், போனார். முகப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அதே வாரம் ஷாப்பின் பழைய உப்புக் கொட்டகையைப் பிரித்தார்கள். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கும் கொட்டகை அது. அதன் தூண்கள் எத்தனையோ வருஷம் உப்புத் தண்ணீரிலேயே நின்றவை. இழைத்து எண்ணெய் பூசினால் கருகருவென்று அழகாக இருந்தன. சந்தையிலிருந்து பாய் திரும்பியதும், உங்கள் மரத்தில் வண்டு விழுந்துவிட்டது, அடுப்புக்குத்தான் ஆகும், நல்ல வேளையாக நன்றாக ஆறிய பழைய மரம் கிடைத்தது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"வண்டு மேல தப்பில்ல" என்றார். "மரம் அதுக்குத் தீனிதானே."

வீடு எழும்பியது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. சுவர் எழும்புமுன்னே கூரை நிற்கும் வீட்டை அவர்கள் கண்டதில்லை. பாய் மகளைக் கூட்டிக்கொண்டு குடிபுகுந்தார். அன்று எனக்குச் சேமியா கொடுத்தார்கள். நன்றாகத்தான் இறங்கியது.

அடுத்த கோடையில் தூண்களில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தடவினால் மாவுபோல ஒட்டும். அப்போதுதான் ஆடுகள் வர ஆரம்பித்தன. முதலில் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று. பிறகு தெருவின் ஆடுகள் எல்லாம். காலையில் அவிழ்த்துவிட்டதும் நேராக பாய் வீட்டுக்கு வந்து, வாசலைச் சுற்றி நின்றுகொண்டு, தட்டி மறைக்காத வாசல் தூண்களை நாக்கு நீட்டி நக்கும். ஓட்டினால் போய்த் திரும்பி வரும். ஊருக்கு நல்ல வேடிக்கை. வக்கீல் வீட்டைக் கட்சிக்காரர்கள் தின்கிறார்கள் என்று ஒருவன் சொல்ல, அது ஆம்பூர் முழுக்கச் சுற்றியது.

நான் அந்த வழியாகப் போவதை நிறுத்தினேன். ஒரு நாள் தவிர்க்க முடியாமல் போனபோது பாய் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆடுகள் நக்கிக்கொண்டிருந்தன. விரட்டவில்லையா என்று கேட்டேன். "வாயில்லாததுங்க. எங்கியோ உப்பு கெடைக்குதுன்னு வருதுங்க. நம்ம ஊடு யாருக்கோ ருசியா இருக்குதே" என்றார். உப்பு என்ற சொல்லை அவர்தான் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அன்றே சொல்லியிருந்தால் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு மரமுளையாவது அடித்திருக்கலாம். நான் வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு நகர்ந்தேன்.

முதலாளி என்மேல் திருப்தியாக இருந்தார். அவருடைய சிபாரிசில் வேலூரில் எனக்கு சர்க்கார் வேலை கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மழைக்காலத்தில் அந்தத் தூண்கள் வியர்க்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே கை வைத்தால் ஈரம். தூண்தலையில் பட்டைகளுக்கு அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு வேலூரில் இருந்தே தெரியும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் என் படுக்கையில் கிடந்து அந்தப் போல்ட்டுகளை நினைப்பேன். மறுநாள் ஆபீசுக்குப் போவேன்.

ஒரு மழை நாள் மத்தியானம் பாய் சாப்பிட்டுவிட்டு, எழுந்திருக்க வலது கையைத் தூணில் ஊன்றியிருக்கிறார். போல்ட்டு அற்று, உத்தரத்தின் ஒரு முனை தூணை ஒட்டியபடியே கீழே இறங்கியது. கை இடையில் இருந்தது. மகள் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததால் தப்பினாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். நான் போய்ப் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு அது ஆகாது. அன்று அவள் கையில் எடுத்த கஞ்சிக் கரண்டி, அவர் இருந்தவரைக்கும் கீழே வைக்கப்படவில்லை.

அவள் பாத்திரம் கழுவப் போனதும் சொல்லிவிட்டேன். "பாய், உங்க மரத்துல வண்டு விழல."

"தெரியும் தம்பி."

"நான்தான் எடுத்து மொதலாளி வீட்டு முகப்புல—"

"இருங்க." இடது கையால் தொப்பியைத் தேடினார். அது தலையணைக்கு அருகில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு கனைத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, தடுக்க முடியவில்லை. "அந்த வாரம் மொதலாளி உங்கள எப்டி நெருக்கினாருன்னு எனக்குத் தெரியாதா? தொரை வர்றாரு. முகப்பு நிக்கல. உங்க அம்மா ஊர்ல சீக்கா கெடந்தாங்க. வேலை போனா அவங்களுக்கு மருந்துக்கு இன்னா பண்ணுவீங்க? எளவயசு வேற. இதுல உங்க மேல தப்பில்ல."

அம்மா நோயாக இருந்ததை நானே மறந்திருந்தேன். என் வழக்கை என்னைவிட நன்றாக அவர் படித்துவைத்திருந்தார்.

"இரும்பு அத்துப்போகும்னு தெரிஞ்சேதான் பண்ணேன் பாய். படிச்சிருக்கேன் அத."

இதற்காவது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "தெரிஞ்சுமா?" என்றார். "அப்ப இத்தினி வருஷமா மழை பேஞ்சா தூங்கியிருக்க மாட்டீங்களே தம்பி. பேஜாரா இருந்திருக்குமே." கண்கள் கலங்கிவிட்டன. எனக்காக.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஊரிலாவது சொல்ல வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போனேன். ஷாப்பில் சாப்பாட்டு வேளையில் ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து என்னைக் கும்பிட்டார்.

"பாய் எங்ககிட்ட முன்னாலயே சொல்லிட்டாரு சாமி. உப்பு மரந்தான் வேணும்னு அவருதான் அடம் புடிச்சாராம். உப்புலயே கெடந்த ஒடம்பு, அந்த வாசனை இல்லன்னா தூக்கம் வராதுன்னாராம். நீங்க வேணாம் வேணாம்னு எவ்ளோவோ சொன்னீங்களாம். அவரு மேல பழி வரக் கூடாதுன்னு நீங்க இப்ப உங்க மேல போட்டுக்கறீங்க. பெரிய மனசு சாமி."

நான் சொல்லச் சொல்ல என் மனசு பெரிதாகிக்கொண்டே போனது. பங்களா முகப்பைப் போய்ப் பாருங்கள், முடிச்சு இருக்கும் என்றேன். மொதலாளி வீட்டுத் தூணை எல்லாம் நாம போய்ப் பாக்கலாமா சாமி என்றார்கள். கிளம்பும்போது எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

கை போனபிறகு தரம் பிரிக்கிற வேலை போயிற்று. முதலாளி அவரைப் பங்களா கேட்டில் உட்காரவைத்தார். தினமும் அந்த முகப்பின் எதிரே. வேலூரிலிருந்து எப்போதாவது நான் போகும்போது பார்த்திருக்கிறேன். போகிறபோதும் வருகிறபோதும் ஒரு தூணின் மேல் இடது கையை வைத்து எடுப்பார். பெயிண்டுக்கு அடியில் அந்த முடிச்சு இன்னும் புடைத்துக்கொண்டு இருந்தது. ஏன் தடவுகிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். என்னைக் கண்டால் கையை எடுத்துவிடுவார், நான் சங்கடப்படுவேன் என்று.

ஒரு தடவை கேட்டேன், எல்லாருக்கும் வாதாடுகிறீர்களே, உங்களுக்கு வக்கீல் யார் என்று. "எனக்கு இன்னா கேசு இருக்குது?" என்று சிரித்தார்.

அவர் வீட்டு உத்தரத்துக்கு முட்டு கொடுத்திருந்தார்கள். வீடு ஒரு பக்கம் சரிந்தே நின்றது. மகளுக்குக் கலியாணம் ஆயிற்று. மருமகன் அதே ஷாப்பில் வேலை. அவரோடேயே இருந்தார்கள். மரம் மாற்றித் தருகிறேன் என்று பல தடவை கேட்டேன். வேண்டாம், இதுவும் பழகிவிட்டது, தூண் மேல் என்ன தப்பு என்பார்.

நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், காலஞ்சென்ற முதலாளியின் மகன் பங்களா முகப்பை இடித்து சிமெண்டில் கட்டினார். கேள்விப்பட்டதும் ஓடினேன். பழைய தூண்களைக் கேட்டேன். எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே வேங்கை நேற்று அறுத்ததுபோல இருந்தது. எட்டும் இருந்தன.

வண்டியில் ஏற்றி பாய் வீட்டு வாசலில் இறக்கினேன். அவர் அப்போது நன்றாகத் தளர்ந்திருந்தார். மெதுவாக வந்து, ஒவ்வொன்றாக இடது கையை ஓட்டிக்கொண்டே போனார். முடிச்சில் கை நின்றது. அதைப் பார்த்து, ஆளிடம் பேசுவதுபோல, "வந்துட்டியா" என்றார்.

வீட்டை முழுக்கப் பிரித்துப் புதிதாக நிறுத்த வேண்டும். இந்தத் தடவை ஒரு துண்டு இரும்பும் கிடையாது, முளைதான். நான் நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐப்பசி வருதுங்கய்யா. மழைல அத்தாவ எங்க வெச்சிப்பேன்? தை பொறக்கட்டும். இத்தினி வருஷம் நின்னுச்சு, மூணு மாசம் நிக்காதா?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கட்டட வேலை செய்தவன், அது எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்கும் நெஞ்சு வலி கண்டிருந்தது. தைக்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். கடனைத் தீர்க்காமல் போய்விடுவேனோ என்ற அவசரம். கொட்டகை போட்டுத் தருகிறேன், மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று வற்புறுத்தினேன்.

பாய் தொப்பியைச் சரிசெய்தார். "அவரு ஆசையா வந்து கேக்கறாரும்மா. வயசாயிடுச்சு அவருக்கும். எத்தினி நாளா மனசுல வெச்சினு இருக்காரு. இப்ப வேணாம்னா எங்க போவாரு?"

கடைசியாக அவர் எடுத்துப் பேசிய வழக்கு என்னுடையது. ஜெயித்துவிட்டார். மகள் பாத்திரங்களை எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள்.

மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. தூண்கள் எட்டும் நின்றுவிட்டன, உத்தரமும் ஏறிவிட்டது, கூரை ஏறவில்லை. ஓலைக் கொட்டகை ஒழுகியது. நான் கித்தான் கொண்டுவந்து போர்த்தினேன். அதுவும் ஒழுகியது. பாய்க்கு மார்பில் சளி கட்டிக்கொண்டது. வேலூருக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஆறு ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடியே கொட்டகை வாசல் வழியாகத் தன் வீட்டுக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்துகொண்டு அது நேராக நின்றது. மகள் கஞ்சியை வாயில் வைத்தாள். இறங்கவில்லை. நான் தண்ணீரில் நின்றபடி, இன்னும் நாலு நாள் பாய், ஓடு போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, மழைக்காக ஏதோ பேச ஆரம்பித்தார். அது சீசனில்தான் வந்திருக்கிறது, அதன் மேல் தப்பில்லை என்கிற மாதிரி. முடிக்கவில்லை.

மழை விட்டபின் வீட்டை முடித்துக்கொடுத்தேன். சுவர்கள் வெளிப்பக்கமாகத்தான் கட்டப்பட்டன. நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன ஒரு கிழட்டு ஆடு பழைய ஞாபகத்தில் வந்து தூணில் நாக்கை வைத்துப் பார்த்தது. ஒன்றும் இல்லை. போய்விட்டது.

மகள் உள்ளே இருந்து வந்தாள். கையில் அந்தக் கரண்டி இருந்தது. கழுவி வைக்க எடுத்திருக்க வேண்டும். கோபமாக இல்லை. அவளுடைய அத்தா பலகைமேல் தோலை விரித்துத் தரம் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னாள்.

"தப்பு உங்க மேலதாங்கய்யா. ரெண்டு தபாவும்."

நான் தலையைத் தூக்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் பழக்கம் விடவில்லை. அந்த முடிச்சுத் தூணுக்குப் பக்கத்தில் இப்போது ஒருவர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கனைப்பார் என்று காத்திருந்தேன்.

அவளும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.